சிவப்புக் காரும் இரண்டு புளியங்கட்டையும்

செட்டியார்பட்டி,
ஐப்பசி 9

சுண்டு,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. உன்னிடம் அதைக் கேட்க வழியில்லை. நாங்கள் இருக்கிறோம், அம்புட்டுதான்.

இது உன் நோட்டு. காரில் கழற்றின சாமான் எது எந்த டப்பாவில் கிடக்கிறது என்று நீ எழுதி வைத்தாயே, அந்த நோட்டு. பின்னால் சில பக்கம் வெறுமையாக இருக்கிறது. கோயம்புத்தூரில் பழைய கார் சாமான் வாங்கி விற்கிற வைகுண்டராஜ் நாளைக்கு வரும்போது நோட்டையும் கேட்டிருக்கிறார். அதற்குள் எழுதிக் கிழித்து வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

காரைக் கொடுத்துவிட்டோம் சுண்டு. முழுசாகக் கொடுக்கவில்லை, துண்டு துண்டாகக் கொடுத்தோம். போன வாரம் விளக்கு இரண்டும், ஸ்டீயரிங்கும், கம்பி போட்ட சக்கரம் நாலும் போயின. கியர் பெட்டியை மூன்று பேர் தூக்கினார்கள். நாளைக்கு அந்தச் சிவப்புக் கூடு போகிறது.

மில்லுக்காரர் வீட்டுக் குடோனில் கோழி முட்டையிட்டுக் கிடந்த அந்தச் சீமைக் காரை நீ ராஜபாளையத்திலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த அன்றைக்குத் தெருவே சிரித்தது. இரண்டு பேர்தானே உட்காரலாம், கூரையும் இல்லையே என்று கேட்டேன். ஒரு சீட்டு எனக்கு, ஒரு சீட்டு உனக்கு, மழை பெய்தால் நீ குடை பிடி என்றாய். பட்டாளத்தில் லாரி ஓட்டி வந்த அப்பாவுக்கு என்றதற்கு, அவியளுக்குத்தான் மிலிட்டரி லாரி இருக்கே என்றாய். அவர் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது.

வைகுண்டராஜ் முன்னே இரண்டு தடவை வந்து முழு வண்டியாகக் கேட்டு, நீ தர மாட்டேன் என்று அனுப்பினாய் அல்லவா. அந்த நினைப்பில்தான் இப்போதும் வந்தார். டப்பாவைத் திறந்து ஒரு சாமானை எடுத்து நகத்தால் சுரண்டினார். நகத்தில் ஒட்டின துருவை வேட்டியில் துடைத்தார். பிறகு, இதை யாரும்மா கழுவுனது என்று கேட்டார்.

உன் கருமாதிக்கு முந்தின நாள் வீடு கழுவினோம். தீட்டு வீடு, கழுவத்தான் வேண்டும். வீட்டோடு நின்றிருக்கலாம். உன் அத்தை சுந்தரம்மாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உன் கொட்டகைக்குள் போனாள். நீ மண்ணெண்ணெயில் ஊற வைத்தது, ஆயில் பூசித் துணியில் சுற்றி வைத்தது எல்லாவற்றையும் வாசலில் கொட்டச் சொன்னாள். வேண்டாம் மதினி என்று ஒரு தடவை சொன்னேன். "இம்புட்டு அழுக்கையும் பிசுக்கையும் இங்கன விட்டுட்டு அவன் எப்படிட்டி மேல போவான்?" என்று கேட்டாள்.

புளியும் சோப்புத்தூளும் தேங்காய் நாரும் வைத்து ஆறு பொம்பளைகள் தேய்த்தார்கள். இன்ஜின் வாயில் நீ கட்டியிருந்த பாலித்தீனை அவிழ்த்து உள்ளேயும் தண்ணீர் ஊற்றினார்கள். உன் வேட்டியை விரித்துச் சாமானைக் காயவைத்தபோது சாமி பாத்திரம் மாதிரி மின்னியது. மூன்றாம் நாள் துருவேறிச் செம்மண் பூசின மாதிரி ஆகிவிட்டது.

எனக்கென்ன தெரியாதா? தோசைக்கல்லை ஈரத்தோடு ஒரு நாள் வைத்திருப்பேனா? எண்ணெய் தடவாமல் படுத்திருப்பேனா? ஆனாலும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கொடுத்தது நான்தான். என் பிள்ளை மேல் விழுந்த வண்டிதானே, நாசமாகப் போகட்டும் என்கிற ஆங்காரமும் இருந்தது. அதை உன் அத்தை தலையில் போட முடியாது. இப்போது அந்தச் சாமான்களை மோந்து பார்த்தால் சோப்பு வாசம்தான் வருகிறது. உன் கை வாசம் எதிலும் இல்லை.

இன்ஜின் இறுகிவிட்டது, இனி வண்டியாக ஓடாது, சாமானாகத்தான் விற்க முடியும் என்று வைகுண்டராஜ் சொன்னார். நல்ல மனுஷன். வேற வேற ஊர்ல பத்து வண்டியில ஓடும்மா என்று தேற்றினார். ஆஸ்பத்திரியில் உன் கண்ணைத் தானமாகக் கேட்டு வந்தவர்களைத் திட்டி விரட்டின உன் அப்பா, காரின் விளக்கு இரண்டையும் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்தார்.

அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதற்குத்தான் இம்புட்டும் சுற்றி வருகிறேன்.

போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓட வேண்டிய அன்றைக்கு நீ கார்புரேட்டர் வாங்கக் கோயம்புத்தூர் போனாய். அதோடு உங்கள் இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரு வருஷம். அம்மா, அவியளச் சாப்பிட வரச் சொல்லு என்பாய். ஏட்டி, ஒன் மகன்ட்ட அந்த மோட்டாரை நிப்பாட்டச் சொல்லு என்பார். நடுவில் நான் தபால்காரி. யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆடிப்பூரத்தன்றைக்கு அந்தத் தபால்காரி வீட்டில் இல்லை. உனக்கு ஒரு பெண் அமையட்டும் என்று ஆண்டாள் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். தேர்ச் சக்கரத்துக்கு முன்னால் ஆட்கள் குனிந்து கட்டை போடுவதைப் பார்த்து, இது நம்ம வேலையாச்சே என்று நினைத்துக்கொண்டேன். நீ ஜாக்கி ஏற்றுவாய், அம்மா கட்டை என்பாய், நான் இரண்டு புளியங்கட்டையையும் காருக்கு அடியில் முட்டாகத் தள்ளி வைத்து இரண்டு தட்டு தட்டுவேன். அந்தச் சத்தம் கேட்காமல் அடியில் போக மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய். தேர் முக்குத் திரும்பும்போது போன் வந்தது. ஜாக்கி சறுக்கிவிட்டது என்றார்கள்.

வீட்டில் உன் அப்பா இருந்தார். ஆஸ்பத்திரியிலும், விசாரிக்க வந்த போலீஸிடமும், துஷ்டி கேட்க வந்தவர்களிடமும் ஒன்றையேதான் சொன்னார். "அவன் என்னையக் கூப்பிடல." ஆடிக் காற்றில் தகரம் அடித்த அடியில் கொட்டகையில் நடந்தது ஒன்றும் கேட்கவில்லை என்றார். நானும் நம்பினேன்.

போன வாரம் சக்கரத்தைக் கழற்றியபோது கூட்டுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. உன் அப்பாவே வந்தார். நீ வேலை செய்த ஒரு வருஷமும் அந்தக் கொட்டகை வாசலை மிதிக்காதவர். ஒரு பக்கம் செங்கலை அடுக்கினார். மறு பக்கம் நம் கட்டை இரண்டையும் தள்ளி வைத்தார். வைத்துவிட்டு, இரண்டு தட்டு தட்டினார்.

அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை சுண்டு. வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். நீ கூப்பிடுவதும், நான் தட்டுவதும், எல்லாமே அவர் காதில் விழுந்திருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். இப்போது தபால் கொண்டுபோகவும் ஆள் இல்லை. வ. புதுப்பட்டியிலிருந்து உன் மாமா மாரிச்சாமி வந்து, எங்களோடு வந்து இரு என்கிறார். பையில் நாலு சேலை எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கூடு லாரியில் ஏறினதும் கட்டை இரண்டும் சும்மா கிடக்கும். அவற்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதா, இந்த மனுஷனுக்குச் சோறு பொங்கிக்கொண்டு கிடப்பதா என்று உன்னிடம்தான் கேட்க முடியும்.

அம்மா என்று கூப்பிட்டிருந்தால், அது வழக்கமான சத்தம், அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவர் இருந்திருப்பார். நான் ஊரில் இல்லாதது அவருக்குக் கொஞ்ச நேரம் மறந்திருக்கும். அது என் பாவம், நான் போனது. நான் இங்கேயே கிடந்து அதைச் சுமக்கிறேன். ஆனால் ஒரு வருஷத்துக் கோபத்தையும் விட்டு, அப்பா என்று நீ கூப்பிட்டு, அவர் எழுந்திருக்காமல் இருந்திருந்தால்?

எங்கே இருந்தாலும் தலைக்கு மேல் பாரம் இல்லாமல் இரு சாமி.

இப்படிக்கு,
உன் அம்மா சீனியம்மாள்

சுண்டு, ஒன்று மட்டும் சொல்லு. அன்றைக்கு நீ யாரைக் கூப்பிட்டாய்?