முகம் தெரிகிற படம்

பிரஷாந்தி,

உன் அப்பாவைக் காணவில்லை. காலையில் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கேற் திறந்து கிடக்கிறது. வீட்டுக்கு வழிகூட நினைவில்லாத மனுஷன். பள்ளிக்கு ஓடி வந்தேன். நீ மேற்பார்வைக்கு நிற்கிற பரீட்சை முடியும்வரை உன்னைக் கூப்பிட முடியாதாம்.

தன்னாமுனை வரைக்கும் வாவிக் கரையெல்லாம் தேடிவிட்டேன். பொலிசில், "முகம் தெரியிற படம் ஒண்டு தாங்க" என்கிறார்கள். அடையாள அட்டை அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது.

ஒவ்வொரு ஞாயிறும் மாமாவையும் ஏற்றிக்கொண்டுதானே படம் எடுக்கப் போனோம்? கமராவில் கொக்கு இருக்கிறது, தோணி இருக்கிறது, கல்லடிப் பாலம் நூறு தரம் இருக்கிறது. மாமா ஒன்றிலும் இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் அவருடைய முழங்கை மட்டும் தெரிகிறது.

போன ஞாயிறு மாங்கேணியில், "என்னையும் ஒருக்கா எடுங்க மனே" என்று கேட்டார். "விலகுங்க மாமா, வெளிச்சம் போகுது" என்றேன். நாலு நாளாக நீ என்னோடு பேசாதது சரிதான்.

கதவைப் பூட்டாதே. மீன்கறி மூடி வைத்திருக்கிறேன். அவர் வந்தால் முள் எடுத்துக் கொடு. நான் ஏறாவூர்ப் பக்கம் போகிறேன்.

இப்போதுதான் நினைவு வந்தது. அன்றைக்குக் கோபத்தில் நீயே உன் போனில் அவரை எடுத்தாய். போன் இதோ மேசையில் இருக்கிறது, திறக்கும் இலக்கம் எனக்குத் தெரியாது. வந்த உடனே அந்தப் படத்தை அனுப்பு.

"கை ஆடிப்போச்சு, அழி" என்று நான் சொன்ன படம். என் சொல்லைக் கேட்டிருக்காதே, பிரஷாந்தி.