நாடித்துடிப்பு நூற்றிரண்டு

பிப்ரவரி 11
மூன்றாவது மாடி ஏறுவதற்குள் நெஞ்சிலிருந்து தாடை வரைக்கும் வலி. சிறுசேரி கம்பெனியில் துப்புரவு சூப்பர்வைசர் என்றால் நாள் முழுக்கப் படிதான். இன்று பாதியில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அன்பு சிரிக்கிறார். “இன்னா பெரிய நோவு? கேஸ்தான். ஓமத் தண்ணி குடிச்சினு படு.” பெரிய டாக்டர் இவர்!

பிப்ரவரி 14
சேலையூர் ஆஸ்பத்திரி. இ.சி.ஜி. நார்மல். எக்கோவும் நார்மல். “பாத்தியா, நான் சொல்லல?” என்றார் அன்பு, தானே பரீட்சையில் பாஸான மாதிரி. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “படுத்துனு இருந்தா வலியே இல்ல டாக்டர். படி ஏறுறப்போதான் வருது. என்னைப் படுக்க வெச்சுப் பாத்தா எப்படித் தெரியும்?”
டாக்டர் பேனாவைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயைப் படம் எடுக்கும் சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். கத்தி கிடையாது, கையில் ஒரு ஊசி மட்டும்.

பிப்ரவரி 20
ஸ்கேன் நடக்கவில்லை. நாடித்துடிப்பு அறுபத்தைந்துக்குள் இருந்தால்தான் படம் தெளிவாக விழுமாம். எனக்கு நூற்றிரண்டு! மாத்திரை கொடுத்தும் இறங்கவில்லை. எப்படி இறங்கும்? காலையில் எங்கள் சர்ச் ஏஞ்சல் அக்கா ஜெபக்குழுவோடு வந்து, என் தலையில் கை வைத்து முக்கால் மணி நேரம் சத்தமாக ஜெபித்தார். நானும் கைதட்டிப் பாடினேன். போதாததற்கு “தெம்பா போ ஜான்சி” என்று ஸ்ட்ராங்காக ஒரு டீ. டீ கூடாதென்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பாசமாய் நீட்டினால் எப்படி மறுப்பது?
“ஆண்டவருக்கே இஷ்டமில்ல போல, வுட்டுடு” என்கிறார் அன்பு. ஆண்டவர் மேல் பழி போடாதீங்க என்று கத்திவிட்டேன்.

பிப்ரவரி 24
யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குப் போவதுபோல் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். டீ இல்லை, பாட்டு இல்லை. மனசுக்குள் ஒரே வரி ஜெபம்.
அறுபத்திரண்டு!
ஊசி மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடு. மூச்சைப் பிடி, விடு. அவ்வளவுதான்.

பிப்ரவரி 25
இடப்பக்கக் குழாயில் எண்பது சதவீதம் அடைப்பு.
பயமா? பயம்தான். ஆனால் என் வலி பொய்யில்லை. ரிப்போர்ட்டை அன்பு முன்னால் வைத்தேன். எண்பது என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டு முறை படித்தார்.

ஏப்ரல் 8
அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்து ஐந்து வாரம். இன்று மூன்று மாடியும் ஏறினேன். வலி இல்லை.
சாயங்காலம் அன்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்காமல், “எனக்கும் ஒரு வருஷமா நெஞ்சுல அப்டித்தான் கீது ஜான்சி. பயத்துல சொல்லல” என்றார்.
திட்டத்தான் வாயைத் திறந்தேன் — அழுகை வந்துவிட்டது. நாளைக்கு டாக்டரிடம் போகிறோம். வரமாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு போவேன்.