பெல்ட்டுக்கு அடியில் ஒரு கொடி

வெள்ளவத்தை,
11.05.1997

அன்பு மகள் தயாளினிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் குறை சொல்லும்படி ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகன் விக்கினராஜாவும் அங்கே எங்களைவிட நல்லாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறோம். வழக்கமாக என் கடிதத்தின் அடியில் அம்மா நாலு வரி எழுதுவார், இதில் அது இராது. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. பயப்படாதே, ஒருவருக்கும் வருத்தம் இல்லை, அம்மாவின் சீனி வருத்தமும் ஒரு கட்டுக்குள் இருக்கிறது. அவர் கோயிலுக்குப் போன நேரத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன கிழமை வீட்டில் இருப்பவர்களைப் பதிய பொலிஸ்காரர் வந்தார். மேசையில் நீ அனுப்பிய படம் நின்றது. பாரமான உடுப்போடு ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண் நிற்பதைக் கண்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது. “மே கவுத?” என்று கேட்டார், இது யார் என்று. மகள், லண்டன், கார் ரேஸ் என்று மூன்று சொல்லைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். பின்னால் நிற்கும் காரைக் கண்ட பிறகுதான் அவர் சிரித்தார். “துவ ஹரி சூர”, மகள் நல்ல கெட்டிக்காரி என்று உன்னை மெச்சிவிட்டுப் போனார். அதோடு அம்மா படத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ஆனால் வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டாமல் விடுவதில்லை. அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

படத்தில் உன் உடுப்பின் சிப் பாதி திறந்திருக்கிறது, கழுத்தடியில் வெள்ளைப் பிளாஸ்ரர் ஒரு துண்டு தெரிகிறது. அதைக் கண்டதும் அம்மா, “இஞ்ச பாருங்கோ, பிள்ளை சொன்ன சொல் தவறேல்லை” என்று கண்கலங்கினார். போட்டியில் ஆபரணம் ஒன்றும் உடம்பில் இருக்கக் கூடாது, ஓடுவதற்கு முன் சோதிப்பார்கள் என்று நீ எழுதிய நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. மருமகன் கட்டிய தாலிக்கொடி ஒரு விளையாட்டுக்காகக் கழுத்தைவிட்டு இறங்கினால் மருமகனுக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயம். அதனால்தான் போனில் உன்னிடம் சத்தியம் வாங்கினார். நீயும் சோதிக்கிறவர்களின் கண்ணில் படாமல் கொடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாய். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை இப்படிக் காப்பாற்றும் பிள்ளையை நான் என்ன சொல்லி ஏச முடியும்.

மகள், என்னைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் நீ அந்தக் காரைப் பற்றி விபரமாக எழுதினாய் என்று தெரியும். உள்ளே இருக்கும் இரும்புக் கூண்டு, ஆறு முனை வந்து ஒரு பூட்டில் சேரும் பெல்ட், நெருப்பைச் சற்று நேரம் தாங்கும் உடுப்பு, எல்லாவற்றையும் வாசித்தேன். நீங்கள் இருக்கிற கொழும்பைவிட இந்தக் காருக்குள் பாதுகாப்பு அதிகம் அப்பா என்றும் எழுதியிருந்தாய். உயிர் தப்பட்டும் என்றுதானே உன்னை அனுப்பினோம், இப்போது நீ எங்களைப் பார்த்து அதைச் சொல்கிறாய். நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் வரைந்து காலம் கழித்தவன், வேறு வழி தெரியாததால் நீ எழுதிய அளவுகளை வைத்து உன்னை அந்த இருக்கையில் இருத்திப் பக்கப்பாடாக ஒரு படம் வரைந்தேன். தோளிலிருந்து இரண்டு பட்டிகள் இறங்கி நெஞ்சுக்குக் கீழே பூட்டில் சேருகின்றன. கொடியையும் வரைந்தேன். அது பட்டிகளுக்கு அடியில் போய், அதன் நுனி சரியாகப் பூட்டுக்கு மேலே வந்து நிற்கிறது. கார் எதிலாவது மோதி நின்றால் உன் உடம்பின் முழுப் பாரத்தையும் அந்தப் பட்டிகள்தான் பிடிக்க வேண்டும், பட்டிக்கும் எலும்புக்கும் நடுவில் பதினொரு பவுண் தங்கம். எவ்வளவு பாரம் வரும் என்று கணக்குப் போட்டேன். மூன்று தரமும் அதே நம்ப முடியாத பெரிய விடை வந்தது, ஆகவே என் முறைதான் பிழை என்று நினைத்து விட்டுவிட்டேன். அம்மா காணாமல் அந்த வரைபடத்தையும் கிழித்துவிட்டேன்.

ஆனால் பிறகு ஒன்று நடந்தது. சந்தையிலிருந்து ஓட்டோவில் வந்தேன், அரிசிப் பையின் பட்டியைத் தோளுக்குக் குறுக்கே போட்டிருந்தேன், சேர்ட் பையில் வீட்டுக் கதவின் திறப்பு. கால்வாய்ப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் திடீரென்று கையைக் காட்ட ஓட்டோ பிறேக் போட்டது. நடைவேகத்தில் வந்த ஓட்டோதான். வீட்டில் சேர்ட்டைக் கழற்றினால் திறப்பின் பல்லெல்லாம் நெஞ்சில் அச்சாக இருக்கிறது. அம்மா என்ன இது என்று கேட்டார், நுளம்பு கடித்தது என்றேன். இப்படி நுளம்பு எங்கே இருக்கிறது என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்று பின்னேரம் துணிந்து கதையை எடுத்தேன். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஒப்பரேஷன் நடந்ததே, அப்போது கொடியைக் கழற்றத்தானே வேண்டி வந்தது என்று நினைவுபடுத்தினேன். அம்மா அரிசி களைந்துகொண்டு நிமிராமலே சொன்னார், “அது வருத்தம். இது எடுப்பு, ஆசைக்குச் செய்யிறது. ரெண்டையும் ஒண்டாக் கதையாதேங்கோ.” அவர் சொன்னதில் பிழை இருக்கிறது என்று தெரிகிறது, எங்கே என்று சொல்ல வரவில்லை.

மேல்மாடியில் இருக்கும் ஐறீனை உனக்குத் தெரியாது, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவர், எரிகாயப் பகுதியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா அவருக்கும் உன் படத்தைக் காட்டினார். அவர் பிளாஸ்ரரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மறுநாள் படிக்கட்டில் மறித்து, “மிஸ்டர் நாகேந்திரம், நெருப்புக்குத் தாலி எது சங்கிலி எதுன்னு தெரியாது. சூடேறினா அது உடம்போட ஒட்டிக்கும். வார்டுல நாங்க கத்தரிய எடுத்து மொதல்ல வெட்டுறது அதத்தான். மகள்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?” என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். வெட்டுகிறது என்ற சொல்தான் என்னை இந்த மேசைக்குக் கொண்டுவந்தது. போனில் சொல்ல வழியில்லை, வீட்டுப் போனுக்குப் பக்கத்தில் அம்மா இருப்பார், கொமியூனிக்கேஷன் கடையில் பத்துப்பேர் வரிசையில் நிற்க ஒரு தகப்பன் மகளிடம் உரத்துச் சொல்லக்கூடிய விஷயமா இது. ஐறீனின் மருமகன் வின்சன்ற் வியாழக்கிழமை லண்டன் வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். மாத முடிவில் உனக்கு அடுத்த ஓட்டம், அதற்கு முன் கிடைக்க வேண்டும்.

களுபோவில கதையில் உனக்குச் சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. தாதி கொடியைக் கழற்றி என் கையில் தந்தபோது அம்மா தள்ளுவண்டியிலே படுத்துக்கொண்டு, கையில் வைத்திருக்க வேண்டாம், உங்கட கழுத்தில் போடுங்கோ, போட்டால்தான் உள்ளே போவேன் என்று அடம்பிடித்தார். போட்டு பெனியனுக்குள் விட்டேன். பிறகு மருந்து வாங்க வெளியே ஓடியபோது அது இருப்பதே மறந்துபோனது. சந்தியில் ஆமிக்காரன் உடம்பைத் தடவிச் சோதித்தான், நெஞ்சில் கை நின்றுவிட்டது. “மே மொகத, சீயா?”, இது என்ன தாத்தா என்று கேட்டு வெளியே இழுத்தால் கிழவன் கழுத்தில் பொம்பிளை நகை. களவென்று நினைத்திருப்பான். மனைவி என்று விளங்கட்டும் என்று நோனா, ஒப்பரேஷன் என்று ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டினேன். அவன் தானே அதைப் பெனியனுக்குள் திருப்பி விட்டு, “பரிஸ்ஸமின் சீயா” என்று அனுப்பினான், கவனமாகப் போகச் சொல்லி. அம்மாவும் பிழைத்தார். நானும் இருக்கிறேன்.

ஆகவே எழுதுகிறேன். தாலியைக் கழற்று. தகப்பன் மகளுக்கு எழுதக் கூடாத சொல், எழுதிவிட்டுத் தனியாக இருக்கும் அறையிலும் கையால் மறைத்துக்கொண்டேன். ஓடும் நாளில் மட்டும், காரில் ஏறுமுன் கழற்றி மருமகனின் கழுத்தில் போட்டுவிடு. அவர் வெட்கப்படுவார், சேர்ட்டுக்கு உள்ளே விடச் சொல். கட்டினவர் கழுத்தில் இருப்பதில் என்ன குற்றம் என்று எனக்குப் படுகிறது, ஆனால் எனக்குப் பட்டதெல்லாம் சரியாக இருந்ததில்லை, நீங்கள் இருவரும் யோசித்துச் செய்யுங்கள். ஓடவே வேண்டாம் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. நீ கேட்கமாட்டாய் என்பதால் எழுதவில்லை.

நீ ஓடும் ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா கட்டாயம் “கொடி கழுத்தில இருக்கோ?” என்று கேட்பார். “ஓம் அம்மா, கழுத்தில இருக்கு” என்று சொல். பொய் இல்லை. யாருடைய கழுத்தில் என்று அவர் கேட்கமாட்டார், கேட்டால் போனை அப்பாவிடம் கொடுங்கோ என்று சொல், நான் ஏதாவது, எனக்குத் தெரியவில்லை, ஏதாவது சொல்லிப் பார்க்கிறேன். இதை வாசித்ததும் கிழித்துவிடு, கழுத்துப் பிளாஸ்ரர் தெரியும் படம் இனி அனுப்பாதே. பெல்ட்டின் பூட்டை ஏறுமுன் ஒருதரம் திறந்து பார்.

என் கடிதங்களை எல்லாம் தீர்க்க சுமங்கலியாக இரு என்றுதான் முடிப்பேன். இன்றும் பேனா தானாகவே அந்த இடத்துக்கு வந்தது. எழுதப் போகும்போதுதான் அதன் கருத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதில் மருமகனின் ஆயுளைக் கேட்கிறோம், உன்னுடையதைக் கேட்கவில்லை. இன்னும் சரியாகப் பார்த்தால், நீ முந்திப் போக வேண்டும் என்றல்லவா அது சொல்கிறது. கலியாணம் முடிந்த நாளிலிருந்து இதையா என் பிள்ளைக்கு எழுதி வந்தேன் என்று கை ஓடவில்லை. வேறு வாழ்த்து யோசித்தேன், பெண்பிள்ளைக்கென்று ஒன்றும் வரவில்லை. கோயில் மணி அடித்து முடிந்துவிட்டது, அம்மா வந்துவிடுவார். ஆகவே ஆண்பிள்ளைகளுக்கு எழுதுவதையே உனக்கு எழுதுகிறேன். தீர்க்காயுளோடு இரு, பிள்ளை.

உன் அப்பா,
க. நாகேந்திரம்