குர்லாவுக்கு வந்த எட்டுப் பந்துகள்

குர்லா, பம்பாய்
9 பிப்ரவரி 1986

மாப்பிள்ளை சலாவுதீன் அவர்களுக்கு, மாமா கரீம் பாட்சாவின் ஸலாம். இங்கே நானும் உங்கள் மாமி ஹபீபாவும் ஆபிதாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். பஹ்ரைனில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் துஆ.

கப்பலில் வந்த முகைதீன் போன வாரம் பட்டறைக்கே வந்து, நீங்கள் கொடுத்தனுப்பிய மரப்பெட்டியை இறக்கிவிட்டுப் போனார். இரண்டு ஆள் பிடித்தும் தூக்க முடியவில்லை. ஏதோ மெஷின் சாமான் என்று நினைத்துத் திறந்தால், விரல் நுழைக்கத் துளை போட்ட எட்டுக் கறுப்புப் பந்துகள். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் விளங்கியது. உங்கள் ஹோட்டலில் நீளமான பலகைத் தரையில் பந்தை உருட்டிவிட்டு, அந்தக் கோடியில் நிற்கும் கட்டைகளைச் சாய்க்கிறார்கள். இவை அங்கே கழித்துப்போட்ட பந்துகள். பலகையில் பூசும் எண்ணெய் ஏறித் தேய்ந்துபோனதால், கடைசியில் வளைந்து திரும்ப வேண்டியவை நேரே வழுக்கிக்கொண்டு போகின்றன. மேல்தோலைத் தேய்த்துப் புதுப்பித்தால் மறுபடி திரும்பும். கோட்டைப் பக்கம் ஒரு கிளப்பில் இந்த விளையாட்டு இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து புதுப்பந்து வாங்க அவர்களுக்கு லைசென்ஸ் கிடைப்பதில்லை, கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, பார்க்கிறேன்.

ஆனால் எனக்கு முன்போல முடிவதில்லை, மாப்பிள்ளை. பித்தளைத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. மில்கள் மூடிய பிறகு பெரிய ஆர்டர் எதுவும் இல்லை. கதவுக் கைப்பிடியும் குழாயும் பாலிஷ் போட்டுத்தான் காலம் ஓடுகிறது. சாயங்காலம் சுனாபட்டி வீட்டுக்குப் போக ரயில் வண்டி ஏறும்போது, கம்பியைப் பிடிக்கத் தோள் உயர மாட்டேன் என்கிறது. வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதும் நின்றுவிட்டது. உங்கள் மாமி அடுத்த சால் குடியிருப்புக்குப் போய்க் குடத்தோடு நிற்கிறாள்.

உங்கள் கடிதத்தை வீட்டில் சத்தமாக வாசித்தேன். நாலு பக்கமும் பந்தைப் பற்றித்தான். ஆபிதா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மடித்ததும், "அவ்வளவுதானா வாப்பா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். அவளுக்குத் தனியாக எழுதியது தபாலில் வந்துகொண்டிருக்கலாம்.

நிக்காஹ் முடிந்து நீங்கள் புறப்பட்டபோது, ஒரு வருஷத்தில் விசா எடுத்து அவளைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னீர்கள். இப்போது மூன்றாகிறது. அரபு நாட்டுக் காரியம் மெதுவாகத்தான் நடக்கும் என்று, கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லி வருகிறேன். அவர்கள் இப்போதெல்லாம் கேட்பதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. உங்களுக்கு என்ன சிரமம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமா
கரீம் பாட்சா


குர்லா
20 ஏப்ரல் 1986

மாப்பிள்ளை சலாவுதீன் அவர்களுக்கு ஸலாம். முந்தைய கடிதத்துக்குப் பதில் இல்லை. கிடைத்திருக்கும் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் பந்துகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் பொருள்.

முதலில் இரண்டு பந்துகளை எனக்குத் தெரிந்த மாதிரி செய்தேன். கீறலெல்லாம் போக்கி, பஃப் சக்கரத்தில் பிடித்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் ஏற்றினேன். டாக்சி வைத்துக் கிளப்புக்குக் கொண்டுபோனேன். மேனேஜர் டின்ஷா என்ற பார்சிக்காரர் தானே எடுத்து உருட்டினார். வெண்ணெயில் விட்டதுபோல் நேராகப் போய் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். "சாச்சா, நீங்க கண்ணாடி செஞ்சு கொண்டாந்திருக்கீங்க. எனக்குப் பந்துதான் வேணும்" என்று இந்தியில் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான்தான் சோர்ந்துபோனேன். எட்டையும் மூலையில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடிவிட்டேன்.

மறுநாள் சோறு கொண்டுவந்த ஆபிதா சாக்கை விலக்கிப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். "சமக், இந்தப் பளபளப்பு, வேணாம் வாப்பா. இந்த வழவழப்புதானே அத வழுக்க வைக்குது? கொஞ்சம் சொரசொரன்னு இருந்தாத்தான் தரையப் பிடிக்கும்" என்றாள். எனக்குத் தர்க்கம் செய்யத் தெம்பில்லை, உன் இஷ்டம் என்றேன்.

அன்றிலிருந்து தினமும் என்னோடு பட்டறைக்கு வந்தாள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். ஸ்பிரிட் தொட்ட துணி கறுப்பாகாமல் வரும்வரை துடைத்தாள். ஒரு பழைய மோட்டாரை நிமிர்த்தி வைத்து, மேலே பித்தளைக் கிண்ணம் பொருத்தச் சொன்னாள். டயர் ரப்பரை வெட்டி உள்ளே ஒட்டினாள். பந்து அதில் உட்கார்ந்து சுற்ற, வாட்டர் பேப்பர் உப்புத்தாளை நனைத்துப் பிடித்தாள். முதலில் முரடானது, பிறகு சன்னமானது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கோணிவிடக் கூடாது என்று பந்தைத் திருப்பித் திருப்பி வைத்தாள். முழங்கை வரை கறுப்புத் தண்ணீர். கல்யாணம் ஆன பெண்ணின் கையா இது என்று அவள் உம்மா சத்தம் போட்டாள். "யாரு பாக்கப் போறா?" என்றாள் ஆபிதா.

பந்துகள் சிலேட்டுப் பலகைபோல் மங்கலாகிவிட்டன. கிளப்புக்குத் தானும் வருவேன் என்றாள். அந்தப் பெரிய ஹாலில் புர்க்காவோடு வாசலருகே ஒதுங்கி நின்றாள். டின்ஷா உருட்டினார். பந்து நேரே போயிற்று, இன்னும் நேரே போயிற்று. அவ்வளவுதான் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது சத்தம் கேட்டது. கடைசி நேரத்தில் உள்ளே வளைந்து போய்க் கட்டைகளை அடித்திருக்கிறது. அடுத்ததை நானே பார்த்தேன். விரிசல் விட்டிருந்த ஒன்றைத் தவிர மற்ற ஏழும் திரும்பின. யார் செய்தது என்று டின்ஷா கேட்டார். எங்கள் பட்டறையில்தான் என்று நான் இழுத்தேன். "மைனே கியா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நான்தான் செய்தேன் என்கிறாள். அவள் அப்படிப் பேசிக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. கிளப்பின் பழைய பந்துகளையும் அவளிடமே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

உங்கள் பந்துகளுக்குக் கிடைத்த பணத்தைக் கடையநல்லூரில் உங்கள் உம்மாவுக்கு மணியார்டர் செய்துவிட்டேன். கூலியை மட்டும் ஆபிதா எடுத்துக்கொண்டாள்.

இனி மற்றது. போன வெள்ளிக்கிழமை, கப்பல் ஏறுமுன் சொல்லிக்கொண்டு போக முகைதீன் வந்தார். சாயா குடித்துக்கொண்டே, "உங்க மருமவன் வீட்ல விருந்து சாப்ட்டேன். அந்தப் புள்ள கைப்பக்குவம் இருக்கே..." என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். ஆபிதா மோட்டாரில் வேலையாக இருந்தாள், காதில் விழுந்திருக்காது என்று நினைத்தேன். மோட்டார் நின்றது. "எந்தப் புள்ள, காக்கா?" என்று முகைதீனைக் கேட்டாள்.

அவரைக் கோபிக்காதீர்கள். எங்களுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தாராம். போன வருஷமே அங்கே உங்களுக்கு இன்னொரு நிக்காஹ் நடந்ததையும், அந்தப் பெண் இப்போது மாசமாக இருப்பதையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆபிதா அழவில்லை. மோட்டாரை மறுபடி போட்டு, பாதியில் நின்ற பந்தை முடித்துவிட்டுத்தான் கை கழுவினாள். வண்டியில் பெண்கள் பெட்டிக்குப் போகாமல் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தாள். வீடு சேர்ந்த பிறகு சொன்னாள்: "அவருக்கு எழுதுங்க வாப்பா. ஏசி எழுதாதீங்க. வச்சுக்கிறாரா, விடுறாரா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

அதனால் ஏசாமல் எழுதுகிறேன். மார்க்கம் உங்களுக்கு இடம் கொடுக்கிறது என்பீர்கள். உங்களோடு வாதாட எனக்குக் கல்வியும் இல்லை, மூச்சும் இல்லை. எங்களிடம் சொல்லியிருக்கலாம், மாப்பிள்ளை. ஊராருக்கெல்லாம் உங்களுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேனே.

அடுத்த மாதம் நோன்பு பிறக்கிறது. அதற்குள் பதில் போடுங்கள். என் பெயருக்கு வேண்டாம், அவள் பெயருக்கே போடுங்கள். பம்பாயில் வளர்ந்த பிள்ளை, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பெரிய எழுத்தாக, சின்னச் சின்ன வார்த்தையாக எழுதுங்கள். அதை அவளுக்கு வாசித்துக் காட்டும் வேலையை எனக்கு வைத்துவிடாதீர்கள்.

அங்கே பிறக்கப்போகும் பிள்ளைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். பெண்பிள்ளையாக இருந்தாலும் நல்லபடி வாழட்டும்.

ஆபிதாவின் வாப்பா
கரீம் பாட்சா