ஓரத்துண்டு உங்களுடையது

வாலுவின் அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கவரைக் கொண்டுவருபவர் எங்கள் சலவைக் கடை முதலாளியின் தம்பி. சோப்புச் சரக்கு எடுக்க உங்கள் ஊருக்கு வேனில் வருகிறார். அவரைப் பிடித்துக் குடையாதீர்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பீர்கள். போனில் செய்தி அனுப்பினால் உங்கள் மகள் பார்த்துவிடுவாள். என் போன் என்னிடம் இருப்பதைவிட அவள் கையில் இருக்கும் நேரம்தான் அதிகம். கடைப் போனில் கூப்பிடலாம். ஆனால் நாம் பேச ஆரம்பித்தால் சண்டையில் போய் நிற்கும், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். இந்த முறை அது கூடாது. அதனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

வாலுவின் கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது. வியாழக்கிழமை காலை ஆபரேஷன்.

உட்கார்ந்து படியுங்கள். தலை சீவிவிடும்போது என் கையில் பட்டது. முதலில் நெறி கட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த சோதனை எல்லாம் ஆயிற்று. வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியுமாம். டாக்டரம்மா நல்ல மாதிரி. குரலுக்குப் போகும் நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது, கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் கம்மிப்போக வாய்ப்பு இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது என்றார். வாலுவை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளோ, "நான் பாடுனா எப்படியும் எல்லாரும் காதைப் பொத்திக்குவாங்க டாக்டர்" என்று சொல்லி அவரையே சிரிக்க வைத்துவிட்டாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கொதிப்பீர்கள். அவள்தான் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களிடம் போனில் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கலகலவென்று பேசுகிறாளே, அப்போதெல்லாம் மறு கையால் கழுத்தைத் தடவிக்கொண்டேதான் இருப்பாள். ஏனடி மறைக்கிறாய் என்று கேட்டதற்கு, "எனக்கு உடம்பு சரியில்லைன்னு அப்பா வரக் கூடாது. அவருக்கா தோணி வரணும்" என்றாள். இந்த வீம்பு யாரிடமிருந்து வந்தது என்று நமக்குள் சண்டை வேண்டாம். இரண்டு பக்கமும் அது தாராளமாகவே இருக்கிறது.

நேற்று, ஆபரேஷனுக்கு முன்னால் என்ன சாப்பிட ஆசை என்று கேட்டேன். கடைத்தெரு பீட்சாக் கடை என்றாள். நீங்கள் போன பிறகு அந்தப் பக்கம் நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தெருவே மாறிவிட்டது. துணிக்கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. நம் கடை மட்டும் அப்படியே. அதே கண்ணாடிப் பெட்டி, அதே ஆட்டம் காணும் உயர மேசை, உட்கார நாற்காலி கிடையாது. விலையையும் பேருக்குத்தான் ஏற்றியிருக்கிறார்கள். கையில் காசு இல்லாத காலத்தில் நமக்குக் கட்டுப்படியான ஒரே விருந்து, இன்றைக்கும் கட்டுப்படியாகிறது. சீஸ் உருகும் வாசனை மூக்கில் ஏறியதும் நமக்குக் கல்யாணமான புதிதில் போய் நின்றேன். காகிதத் தட்டில் எண்ணெய் ஊறுவதற்குள் தின்றுவிட வேண்டும் என்று அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொள்வீர்களே, அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவே இருந்தது, பொய் சொல்லவில்லை.

கடைக்காரர், அதான் நாம் மாவுக்கையர் என்று பேர் வைத்தோமே, எங்களைப் பார்த்ததும் ஒரு துண்டைச் சூடாக்கி, கேட்காமலே கத்தரிக்கோலால் மூன்றாக வெட்டிவிட்டார். நுனி வாலுவுக்கு, நடு எனக்கு, மொறுமொறு ஓரம் உங்களுக்கு. பழக்கதோஷம். தட்டை நீட்டிய பிறகுதான் இரண்டு பேர் மட்டும் நிற்பதைப் பார்த்தார். "சார் எங்கேம்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் "வந்துட்டே இருக்காரு" என்றாள் வாலு.

சொன்னதோடு விட்டாளா? தன் நுனியைத் தின்றாள், என் நடுவில் பாதியைப் பிடுங்கித் தின்றாள். ஓரத்தை மட்டும் தொடவில்லை, என்னையும் தொட விடவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. மேசைக்காகப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். போகலாம் என்கிறேன், அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கதவு திறக்கும்போதெல்லாம் நானும் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் வர வழியே இல்லை என்று தெரிந்த நானே அப்படி. கடைசியில் கையைப் பிடித்து இழுத்தேன், நாலு பேர் பார்க்க அதட்டினேன். அவள் திமிறவில்லை. தெருவுக்கு வந்த பிறகு மெதுவாக, "குரல் போயிடுச்சுன்னா அப்பாவை எப்படிம்மா கூப்பிடறது?" என்று கேட்டாள். தெரு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

அதனால்தான் சத்தியத்தை மீறி எழுதுகிறேன். புதன்கிழமைக்குள் வாருங்கள். பணிமனையில் காலில் விழுந்தாவது லீவு வாங்குங்கள். பஸ்கள் பழுதாகி நின்றால் நிற்கட்டும். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. உங்களையெல்லாம் பார்க்கணும் போல இருந்தது, வந்தேன் என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும், தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். அவள் கழுத்தைப் பார்க்காதீர்கள். கட்டியைப் பற்றி அவளே சொல்வாள், முதல்முறை கேட்பதுபோலக் கேளுங்கள். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நீங்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று, போனால் போனதுதான் என்று சொன்னேன். அதை நான் இன்னும் திரும்ப வாங்கவில்லை. யாரும் கூப்பிடாமல் ஒரு நாளாவது வந்து கதவைத் தட்டுகிறாரா பார்க்கலாம் என்று நானும்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். உங்களைக் கண்டதும், அப்பா தானாக வந்துவிட்டார் என்று அவள் நம்பிவிடுவாள். நம்பட்டும். எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் வந்திருப்பீர்களா என்பது எனக்குத்தான் இனி என்றைக்கும் தெரியப்போவதில்லை.

பரவாயில்லை. நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா