மாடியில் நீ பாடிய கேசட்

மாடிப்படியில் கால் வைத்ததுமே அந்த வாசனை வந்துவிட்டது. பழைய காகிதம், பசை, புறா எச்சம் மூன்றும் கலந்த வாசனை. நீ சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறுவாய். "சரஸ்வதி இந்த நாத்தத்துல எப்பிடிங்க குடியிருக்கா?" என்பாய். இன்று நான் மூக்கைப் பொத்தவில்லை. நன்றாக மூச்சை இழுத்துவிட்டு ஏறினேன்.

சிம்மக்கல் பக்கத்து அந்தப் பழைய கட்டடம் அப்படியேதான் இருக்கிறது. கீழே நூலகம், மேலே இசைப்பள்ளி. நீ மொத்த மளிகைக் கடையில் பில் போட்டுவிட்டு, மாலையில் நேராகப் பாட்டு வகுப்புக்கு வருவாய். நான் ஆட்டோவை வாசலில் போட்டுவிட்டு, கீழே உட்கார்ந்து செய்தித்தாளில் மணமகள் தேவை விளம்பரம் வரைக்கும் படித்து முடிப்பேன். கல்யாணமானவனுக்கு அது எதற்கு என்று நூலகர்கூட ஒருநாள் கேட்டார்.

உனக்குப் பாட்டு அவ்வளவு எளிதில் வரவில்லை. அதில் உனக்கு வருத்தமும் கிடையாது. "வந்தா வருது. நாள் பூராம் பருப்பு வெல சொல்ற வாய்க்குக் கொஞ்ச நேரம் வேற வேல வேணாமா?" என்பாய்.

இத்தனை காலம் கழித்து நான் அங்கே போனதற்குக் காரணம் நம் மகள். போன வாரம் திடீரென்று கேட்டாள்: "அம்மா கொரலு எப்பிடிப்பா இருக்கும்?" நீ போனபோது அவள் நடை பழகிக்கொண்டிருந்தாள். செல்போன் நம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே நீ போய்விட்டாய். போட்டோ நிறைய இருக்கிறது. எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாய். அவளுக்குச் சொல்ல அந்தக் குரலை நினைத்துப் பார்த்தேன். எனக்கே மறந்துபோயிருந்தது.

அப்போதுதான் உன் பாட்டுப் பரீட்சை நினைவுக்கு வந்தது. தேர்வாளர் வெளியூர்க்காரர் என்பதால் எல்லோரையும் பாடவைத்து, கேசட்டில் பதிந்து அனுப்புவார்கள். சத்தம் பதிந்துவிடும் என்று கீழே நூலகம் வரைக்கும் ஃபேனை நிறுத்திவிட்டார்கள். சித்திரை வெயிலில் நாங்கள் அத்தனை பேரும் பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீ இறங்கி வந்து, "எப்பிடிங்க பாடுனேன்?" என்றாய். "பேப்பர் விசிறுன சத்தந்தான் கேட்டுச்சு" என்றேன். ஆட்டோ ஆரப்பாளையம் தாண்டும் வரைக்கும் நீ என்னோடு பேசவில்லை. அப்புறம் நீயே சிரித்துவிட்டாய்.

அந்தக் கேசட் திரும்பி வந்து பள்ளியில்தான் கிடக்கும் என்று நம்பிப் போனேன். அலுவலகத்தில் இருந்த பெண் விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சுப் பேசாமல் பீரோவைத் திறந்தாள். வெகுநேரம் தேடி ஒன்றை எடுத்து நீட்டினாள். மேலே ஒட்டிய தாள் பாதி உரிந்திருந்தது. அதற்கு அடியில் உன் பெயர்.

டேப்பில் போட்டாள். சுருதிப்பெட்டி ஒலித்தது. ஒரு சின்னப் பெண் பாடினாள். அடுத்து ஒரு ஆம்பளைக் குரல். அப்புறம் யார் யாரோ. இரண்டு பக்கமும் ஓடி முடிந்தது. நீ இல்லை.

"ரிசல்ட் வந்ததும் அதே கேசட்டுலதான் அடுத்த வருசமும் பதிவாங்களாம், ஐயா. பழசு அழிஞ்சிரும்."

"வேற கேசட்டு இருக்காம்மா?"

"இம்புட்டுதான் இருக்கு." என் முகத்தைப் பார்த்திருப்பாள் போல. "கடைசியில கொஞ்ச நேரம் சுருதி மட்டும் கேட்டுச்சுல்ல? அது ஒருவேள அவங்க பாடுன அன்னைக்குப் பதிஞ்சது அழியாம..." என்று இழுத்தாள். நல்ல பிள்ளை. ஆனால் சுருதிப்பெட்டி யார் பாடினாலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன்.

யார் மேல் கோபப்படுவது? இருப்பதை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். நாமும் மகளுக்குத் தொட்டில் கட்டிய சேலையைக் கிழித்து அடுப்படிக்குக் கரித்துணி ஆக்கியவர்கள்தானே.

நாகமலை புதுக்கோட்டை வந்து சேரும்போது மகள் வாசலிலேயே நின்றாள்.

"கெடைச்சுச்சாப்பா?"

"இல்லத்தா."

"விடுங்கப்பா. அம்மா பேசுற மாதிரி நீங்களே ஒருக்கா பேசிக் காட்டுங்க."

முயன்று பார்த்தேன். வகுப்பு முடிந்து இறங்கும்போது நீ சொல்வாயே, "ஏங்க, வண்டிய எடுங்க, நேரமாச்சு" என்று, அதைச் சொன்னேன். என் கட்டைத் தொண்டையைக் கேட்டு அவள் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நீ சொன்னது ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. உன் கேலி, கோபம், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் "பிள்ளையப் பாத்துக்கங்க" என்றது வரைக்கும் வார்த்தை பிசகாமல் இருக்கிறது. ஆனால் எல்லாமே இப்போது எனக்கு என் குரலில்தான் கேட்கிறது.