இரண்டு வீட்டுக்கும் ஐந்நூறு

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மணலி ரிஃபைனரிப் பக்கத்துக் காற்று, கேஸ் நாற்றம். ஜன்னலெல்லாம் சாத்திவிட்டேன்.

ஹவுஸ் ஓனர் அண்ணாச்சி வந்தார். அடுத்த மாதத்திலிருந்து ஆயிரம் கூட. எனக்கும், கீழ்வீட்டுத் தனம் அக்காவுக்கும். ஒவ்வொரு ஜூனிலும் இதே கதை. குடிவந்தபோது 6000. பிறகு 6500, 7500, இப்போது கொடுப்பது 8500. என் பள்ளிக்கூடச் சம்பளம் மூன்று வருடமாக அசையவில்லை.

வாங்க: துவரம்பருப்பு, கொசுவத்தி. பாப்பாவுக்கு ஷூ (அடுத்த மாதம்).

ஜூன் 4, புதன்

காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்ததும் த. அக்கா நேராக மாடிக்கு. "டீச்சரு, ஒருத்தியா போனா வெரட்டுவாரு. ரெண்டு பேரா போயி நின்னா இன்னா பண்ணுவாரு?" ஞாயிறு பத்து மணி, அண்ணாச்சியின் மளிகைக் கடை. சரி என்றேன். மனசு கொஞ்சம் லேசு.

ஜூன் 6, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் அண்ணாச்சி போன். "டீச்சர், ஒங்களுக்கு ஏத்தல. மோட்டார் போடுறது, தொட்டி பாக்குறது எல்லாம் நீங்கதான. கீழ் வீட்டுக்கு ஒரு கூரியர்காரன் பதினாலாயிரம் தாரேங்கான். அந்தம்மா தானா போயிட்டா நல்லது. ஞாயித்துக்கிழமை நீங்க கூட வராதீங்க."

சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

இரவு பாப்பா தூங்கியதும் இவரிடம் சொன்னேன். "வாயத் தொறக்காத. நாம தப்பிச்சோம்ல."

ஜூன் 8, ஞாயிறு

கீழேயிருந்து குரல். "டீச்சரு, கெளம்பலாமா?" தலைவலி என்றேன். அக்கா தனியாகப் போனார்.

பதினொன்றரைக்குத் திரும்பி வந்தார். "கட்டுப்படியாவலன்னா காலி பண்ணிக்கோன்ட்டாரு. நீ இருந்தா மரியாதையா ரெண்டு வார்த்த பேசியிருப்ப. எனக்கு வாய்தான் கீது, பேச்சு வர்ல." சொல்லிக்கொண்டே என் நெற்றியில் தைலம் தேய்த்தார். இல்லாத தலைவலிக்கு. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பிள்ளைகளின் நோட்டுகள் திருத்தவில்லை. பாப்பாவுக்குச் சளி.

த. அக்கா சடையங்குப்பத்தில் வீடு பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "வூடு நல்லாத்தான் கீது. செவுத்துல இடுப்பு ஒசரத்துக்குத் தண்ணி நின்ன கோடு தெரியுது. சுண்ணாம்பு அடிச்சித் தரேன்றான்."



ஜூன் 12, வியாழன்

சொல்லிவிட்டேன். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். முழுசும் கேட்டார்.

"எப்ப சொன்னாரு?"

"வெள்ளிக்கிழமை."

"அப்ப ஞாயித்துக்கெயம தலவலி?"

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வா. செருப்ப மாட்டு."

கடையில் கூட்டம். நானே ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, எனக்கும் ஏத்துங்க. ஆனா ரெண்டு வீட்டுக்கும் ஐந்நூறுதான். இல்லன்னா ரெண்டு பேருமே காலி பண்றோம். மோட்டாரையும் தொட்டியையும் நீங்களே வந்து பாத்துக்கோங்க."

அண்ணாச்சி உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். "டீச்சர், நீங்களா இப்படிப் பேசுதீங்க?" சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். பொட்டலத்தைக் கட்டி முடித்துவிட்டுத்தான் சொன்னார். "ஐந்நூறு. அடுத்த வருசம் இந்தப் பேச்செல்லாம் ஆவாது."

வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடிக்கப் போனேன். அவர் முன்னால் நடந்துவிட்டார்.

இவர்: "வருசத்துக்கு ஆறாயிரம் போச்சு. யாரக் கேட்டுப் போன?" இரவு இவர் சாப்பிடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மோட்டார் ரிப்பேர். அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. இவர் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அக்கா அதுவும் இல்லை. மூன்று நாளாக மாடிப்படி ஏறவில்லை.

மத்தியானம் தெருவில் தண்ணி லாரி. நான் குடத்தோடு இறங்குவதற்குள் கீழே அக்காவின் சத்தம். "யோவ், மேல டீச்சர் வூட்டுக்கு ரெண்டு கொடம் வுட்டுட்டுப் போ."

போய்ப் பார்த்தேன். படியில் அக்காவின் இரண்டு குடம், நிறைய. கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.